பெரிய வியாழனும் ஒரு செம்புத் தண்ணீரும்

“பெரிய வியாழன் திருநாளின் பொருள் என்ன? ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான இந்தத் தவக்காலத்தில் வீட்டில் தண்ணீரைச் சேமிப்பதையும் ஒரு நோன்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஆலயத்தில் அறிவித்தார்கள். அதற்கும் திருநாளுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது காலத்துக்கு ஏற்ப ஒட்டவைத்த பேச்சா? தொடர்பு உண்டென்றால் வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குடிநீர் வழங்கல் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் எங்கள் பங்கு ஆலயத்தில் மறைக்கல்வி வகுப்பும் எடுத்துவருகிறேன். இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்கும் கேள்வி எனக்கு அரிதாகவே கிடைப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமையைத்தான் பெரிய வியாழன் என்கிறோம். கத்தோலிக்க வழிபாட்டு நூல்களில் அதற்குப் புனித வியாழன் என்று பெயர். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் மாறி மாறி வருவதால், பெரிய வியாழனும் எப்போதும் மார்ச் பிற்பகுதியிலோ ஏப்ரலிலோ வந்து அமைகிறது. இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உண்ட, பாஸ்கா என்ற யூத விழாவின் விருந்துடைய நினைவுநாள் அது. அன்று மாலைத் திருப்பலியில் திருச்சபை மூன்றை நினைவுகூர்கிறது: அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் நற்கருணை ஏற்படுத்தப்பட்டது, குருக்களின் பணியான குருத்துவம் ஏற்படுத்தப்பட்டது, “நான் உங்களுக்கு அன்பு செய்ததுபோல நீங்களும் ஒருவருக்கொருவர் அன்பு செய்யுங்கள்” என்ற புதிய கட்டளை தரப்பட்டது. ஆங்கிலத்தில் இந்த நாளுக்கு வழங்கும் ‘மாண்டி’ என்ற பெயரும், கட்டளை என்று பொருள்படும் ‘மன்டாட்டும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

ஆனால் அந்த மாலையில் நம் கண்முன் நடப்பது பாதம் கழுவும் சடங்கு. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளும் கடைசி இரவு உணவைச் சொல்லும்போது அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் பற்றிச் சொல்கின்றன. நான்காம் நற்செய்தியை எழுதிய யோவான் மட்டும் அவற்றைச் சொல்லவில்லை. அப்பத்தை எடுத்து ஆசி வழங்கிப் பிட்டுக் கொடுத்த செய்தி வந்திருக்க வேண்டிய இடத்தில், இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துச் சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்த செய்தியை 13-ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். இது தற்செயலான மாற்றம் என்று நான் கருதவில்லை. புழுதியில் செருப்போடு நடந்து வந்தவரின் கால் கழுவுவது அக்காலத்தில் வீட்டின் கடைநிலைப் பணியாளின் வேலை. யூத அடிமையை அதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கருத்துகூட யூத உரைமரபில் உண்டு. எல்லாவற்றையும் தந்தை தம் கையில் ஒப்படைத்திருக்கிறார் என்று அறிந்த நிலையில்தான் இயேசு அந்தத் துண்டை எடுத்தார் என்று யோவான் குறித்துச் சொல்கிறார். அதிகாரம் முழுவதும் கையில் இருக்கும்போது குனிவது என்பதே அந்த நாளின் பொருள். மற்ற விளக்கங்கள் யாவும் இதிலிருந்து கிளைப்பவை.

இந்தச் சடங்கைத் திருப்பலிக்குள்ளேயே நடத்தும் இன்றைய முறை மிகப் பழையது அன்று. திருத்தந்தை (போப்பாண்டவர்) 12-ஆம் பயஸ் 1955-இல் புனித வார வழிபாடுகளைச் சீர்திருத்தியபோது, மாலைத் திருப்பலியின் நடுவே இதைச் சேர்க்க வழிசெய்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல், பதவியேற்ற சில நாள்களுக்குள், ரோமில் உள்ள சிறார் சிறைக்குச் சென்று அங்கிருந்தவர்களின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தனர். 2016-இல் பெண்களையும் இச்சடங்கில் சேர்த்துக்கொள்ளும்படி வழிபாட்டு விதியே திருத்தப்பட்டது. குனிவதற்கு எல்லை வைக்கக் கூடாது என்பதே இந்த வரலாற்றின் போக்கு.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தண்ணீருக்கும் இந்நாளுக்கும் உள்ள தொடர்பு ஒட்டவைத்தது அன்று என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குக் காரணமான இரண்டு இடங்கள் நற்செய்தியில் இருக்கின்றன. இரண்டுமே நாம் வேகமாகக் கடந்துபோகும் இடங்கள்.

முதல் இடம், விருந்து நடந்த மேல்மாடி அறையைச் சீடர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது. மாற்கும் லூக்காவும் இதைச் சொல்கிறார்கள். “நகருக்குள் போங்கள். தண்ணீர்க்குடம் சுமந்துவரும் ஓர் ஆள் உங்களுக்கு எதிரே வருவார், அவர் பின்னே செல்லுங்கள்” என்று இயேசு இரண்டு சீடர்களை அனுப்புகிறார். தண்ணீர் சுமப்பது அங்கே பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்ததால், குடம் சுமக்கும் ஆண் ஒருவரைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது எளிது என்று விளக்கம் தருவார்கள். அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. எருசலேம் மலைமேல் உள்ள நகரம். அதற்கென்று இருந்த வற்றாத ஊற்று கீகோன் ஒன்றுதான். மற்றபடி பெரும்பாலும் பாறையைக் குடைந்த நிலத்தடித் தொட்டிகளில் மழைநீரைச் சேர்த்து வைத்து, மழையே இல்லாத நீண்ட கோடையைக் கடக்க வேண்டும். பாஸ்கா விழா மழைக்காலம் முடியும் தறுவாயில் வருகிறது. அந்த நகரில் யாரோ ஒருவர் தோளில் சுமந்துவந்த குடம்தான் கடைசி இரவு உணவுக்கு வழிகாட்டியது. அந்தக் குடத்துத் தண்ணீர்தான் யோவான் சொல்லும் பாத்திரத்துக்குப் போனதா என்று நற்செய்தி சொல்லவில்லை, அப்படிச் சாதிக்கவும் கூடாது. ஆனால் பாத்திரத்தில் வார்க்கப்பட்ட தண்ணீரை யாரோ சுமந்து வந்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. அவருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இரண்டாவது இடம், சீடர்களில் முதல்வரான பேதுருவின் பேச்சு. தம் கால்களை ஆண்டவர் கழுவுவதா என்று முதலில் மறுக்கிறார். கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்றதும், அப்படியானால் கால்களை மட்டுமல்ல, கைகளையும் தலையையும்கூடக் கழுவும் என்கிறார். நம் வீட்டுக் குழந்தைகள் ஒன்று வேண்டாம் என்பார்கள், இல்லையென்றால் முழுவதும் வேண்டும் என்பார்களே, அதே மனம். இயேசுவின் பதில், குளித்தவருக்குக் கால்களைக் கழுவினால் போதும் என்பது. கிரேக்க மூலத்தில் முழுக் குளியலுக்கு ஒரு சொல்லும் ஓர் உறுப்பைக் கழுவுவதற்கு வேறொரு சொல்லும் வருகின்றன. தமிழிலும் குளிப்பது வேறு, கழுவுவது வேறு என்பதால் அந்த வேறுபாடு நமக்கு உடனே விளங்குகிறது. ஒருமுறை பெறும் திருமுழுக்கையும் அன்றாடம் தேவைப்படும் மன்னிப்பையும் பற்றிய உவமையாகவே இதைத் திருச்சபையின் ஆசிரியர்கள் விளக்கிவந்திருக்கிறார்கள். அதுதான் முதன்மையான பொருள், அதை நான் மாற்றவில்லை. ஆயினும் தண்ணீர்க் குழாய்களோடு வாழ்நாளைக் கழித்த நான் இந்த வசனத்தைப் படிக்கும்போது, ‘போதும்’ என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன். அதிகமாக ஊற்றினால் அதிகமாகத் தூய்மையாகும் என்று பேதுரு நினைத்தார். தேவைக்கு ஓர் அளவு இருக்கிறது என்பதை ஆண்டவர் அந்தப் பெரிய இரவில்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இதை நான் நூலில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. நான் பிறந்தது இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். குடிக்க ஊருணி, வயலுக்குக் கண்மாய் என்று இரண்டும் தனித்தனி. ஊருணிக்குள் யாரும் கால் வைத்து இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பங்குனி பிறந்துவிட்டால் ஊருணியும் வற்றிவிடும். பிறகு பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். கைமுழம் ஆழத்தில் கசியும் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். நான்கு முறை மொண்டால் ஊற்று காய்ந்துவிடும், மறுபடி ஊறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். விடியும் முன்னே போன என் அம்மா ஒரு குடம் நிரப்பிக்கொண்டு வெயில் ஏறிய பிறகு வருவார். மணல் கலங்கிவிடாமல் கொட்டாங்குச்சியை அவர் சாய்த்து இறக்கும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெரிய வியாழனன்று எங்கள் கிளை ஆலயத்துக்குச் சாமியார், அதாவது பங்குக் குரு, வருவார். பன்னிரண்டு பெரியவர்கள் பெஞ்சியில் வரிசையாக உட்காருவார்கள். சாமியார் முன்னால் பித்தளைத் தாம்பாளம், கையில் ஒரு செம்பு. ஒருவருடைய பாதத்துக்கு உள்ளங்கை இரண்டு நிறையும் அளவுதான் வார்ப்பார், அதற்கு மேல் ஒரு சொட்டும் வார்க்க மாட்டார், ஏனென்றால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். முடிந்ததும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய், ஆலயத்துக்குப் பின்னால் இருந்த வேப்பங்கன்றின் தூரில் ஊற்றுவார். கொட்டிக் கவிழ்க்காமல் நின்று நிதானித்து ஊற்றுவார்.

இஸ்ரயேலின் அரசர் தாவீதைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி விவிலியத்தில் சாமுவேலின் இரண்டாம் நூலில் 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. போர்க்களத்தில் இருக்கும் தாவீது, பெத்லகேம் வாயிலருகே உள்ள கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கிடைக்காதா என்று ஏங்கிச் சொல்லிவிடுகிறார். மூன்று வீரர்கள் எதிரியின் பாளையத்தைப் பிளந்துகொண்டு போய்த் தண்ணீர் இறைத்து வருகிறார்கள். தாவீது அதைக் குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் போனவர்களின் இரத்தமல்லவா இது என்று சொல்லி, ஆண்டவருக்கு முன் ஊற்றிவிடுகிறார். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள், அருமையான தண்ணீரைத் தரையில் ஊற்றியது வீண் இல்லையா என்று. நல்ல கேள்வி. அவர் ஊற்றியது அதன் விலை தமக்குத் தெரிந்ததால். நாம் ஊற்றுவது அதன் விலை தெரியாததால். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது காவிரியின் தண்ணீர். நம் குழாயில் வருவதும் யாரோ எங்கிருந்தோ விட்டுக்கொடுத்த தண்ணீர் என்பது அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அடுத்த மழையில் அது மறந்தும் போயிற்று.

ஆகவே தவக்காலத்தில் தண்ணீரைக் குறைத்துப் பயன்படுத்துங்கள் என்று உங்கள் ஆலயத்தில் சொன்னது, கால் கழுவிய அந்தச் செயலின் நேர் நீட்சி. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்ற சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று சொன்னதோடு நிற்காமல், தண்ணீர்ப் பயன்பாட்டைக் குறைப்பது போன்ற வீட்டுப் பழக்கங்களையும் விசுவாச வாழ்வின் பகுதியாகவே எழுதியிருக்கிறார். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் சிக்கனத்தைப் பேசுவதற்கு ஒரு வாய்ப்பாக மட்டும் பெரிய வியாழனைச் சுருக்கிவிடுவது தவறு. தண்ணீரே இல்லாத ஊரிலும், தண்ணீர் பெருகி ஓடும் ஊரிலும் அந்த நாளின் கட்டளை ஒன்றுதான். சிக்கனம் அக்கட்டளையை நிறைவேற்றும் வழிகளில் ஒன்று. அன்பே கட்டளை.

வீட்டுக்குள் வருமுன் ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்த் திருமணத்தில் தூய்மைச் சடங்குக்காக வைக்கப்பட்டிருந்த ஆறு கற்சாடிகள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்று யோவான் எழுதுகிறார். அவர் சொல்லும் குடம் ஒன்று ஏறத்தாழ 40 லிட்டர் என்பதால், ஆறு சாடிகளுக்கும் சேர்த்து 480 முதல் 720 லிட்டர் வரை வருகிறது. ஒரு கல்யாண வீட்டுக்கே அது பெரிய கொள்ளளவு. நம் நாட்டில் பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்ட அளவு வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 675 லிட்டர். கானாவூரின் ஆறு சாடிகளையும் ஒவ்வொரு நாளும் காலி செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். கிராமப்புறத்துக்கு, வீடுதோறும் குழாய்நீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 55 லிட்டர் மட்டுமே. குடிநீர்ப் பணியில் இருந்தபோது இந்த இரண்டு எண்களையும் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய நாள்களில் என் மனம் அமைதியாக இருந்ததில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், கசிவிலிருந்து தொடங்குங்கள் என்பேன். குளிக்கும் தண்ணீரைக் குறைப்பது, பாத்திரம் கழுவும் தண்ணீரைக் குறைப்பது பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். யாருக்கும் பயன்படாமல் போகும் தண்ணீரை முதலில் நிறுத்த வேண்டும். இரவு எல்லோரும் படுத்த பிறகு, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வழியை மூடிவிட்டு, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டம் நிற்கும் இடத்தைக் கரித்துண்டால் குறித்து வையுங்கள். விடியற்காலை யாரும் குழாயைத் திறக்கும் முன் போய்ப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் வீட்டில் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியாக இருக்கும், ஏனென்றால் அது சத்தமில்லாமல் ஒழுகும். தொட்டியில் சில துளி சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். பீங்கானில் நீல நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. மாற்றுவதற்குச் சிறு செலவே ஆகும். சொட்டும் குழாயின் அடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அது நிரம்பினால், நாளொன்றுக்கு 24 லிட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,700 லிட்டர் போகிறது. மோட்டாரை அணைக்க மறந்து மேல்தொட்டி நிரம்பி வழிவது நம் தெருக்களில் காலை நேரத்துக் காட்சியாகவே ஆகிவிட்டது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே அணைக்கும் மிதவை சுவிட்ச் ஒன்றை மாட்டினால் அது நிற்கும்.

அடுத்து கழிப்பறை. பழைய ஃப்ளஷ் தொட்டிகள் ஒரு முறைக்குப் பத்து லிட்டர் வரை எடுக்கும். ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து முறை என்றால் 250 லிட்டர், அதாவது வீட்டின் மொத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள தொட்டியாக மாற்றினால் இதில் பாதிக்கு மேல் மிஞ்சும். மாற்ற வசதியில்லை என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, வால்வில் இடிக்காதபடி தொட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் தங்கும். செங்கல் வைக்காதீர்கள், அது கரைந்து வால்வை அடைத்துவிடும். குளியலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் ஏறத்தாழ 80 லிட்டர், வாளியில் மொண்டு குளித்தால் 20 லிட்டர்.

சமையலறைக் குழாயின் கீழே ஒரு லிட்டர் குவளையைப் பிடியுங்கள். ஐந்து நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டுகிறது. குழாய் வாயில் ஏரேட்டர் என்ற சல்லடையைத் திருகிவிட்டால், கை நனைவதில் குறை தெரியாமல் அளவு பாதியாகும். கீரையையும் காயையும் ஓடும் குழாயில் கழுவாமல் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அலசுவதும், எச்சில் தட்டுகளை முதலில் வழித்துவிட்டு ஒரு தொட்டியில் ஊறவைப்பதும் நம் பாட்டிமார் சாம்பலும் தேங்காய் நாருமாகச் செய்துவந்ததுதான். அரிசி களைந்த தண்ணீர் ஒரு காலத்தில் மாட்டுக் கழுநீர்ப் பானைக்குப் போயிற்று. மாடில்லாத வீட்டில் அது செடிக்குப் போகட்டும். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுக் குழாயைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும். அதை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்திருப்பதால் தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். அதைவிட முன்னதாகக் கேட்க வேண்டியது, உங்கள் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவைதானா என்பது. நல்ல ஆற்றுநீர் வரும் வீட்டில் காய்ச்சி வடிகட்டினாலே போதும்.

குளியலறைத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் கல்வாழைக்கும் ஒரு சிறு குழி வழியாகத் திருப்பிவிடலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரைச் செடிக்கு விடாமல் கழிப்பறைக்கு வைத்துக்கொள்வது நல்லது. இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரைப் பிடித்து வைக்கும் வீடுகளில்தான் டெங்குக் கொசு பெருகுகிறது. அது சாக்கடையில் வளர்வதில்லை, மூடாத அண்டாவிலும் டிரம்மிலும் உள்ள தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஆகவே பாத்திரங்களை இறுக மூடுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காமல் அலசினால் முட்டைகள் சுவரிலேயே ஒட்டியிருக்கும்.

மழைநீர் சேகரிப்பு பற்றித் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அன்று போட்ட குழாய் இன்றும் இருக்கிறது, ஆனால் அதன் அடியில் உள்ள குழி மண்மூடிக் கிடக்கிறது. சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழும் மழையை அதைக்கொண்டு கணக்கிட்டால், ஆவியாதலும் சிதறலும் போக, ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். லாரித் தண்ணீராக வாங்கினால் 12,000 லிட்டர் லாரிகள் எட்டுக்கு மேல். குழியைத் தோண்டிச் சுத்தம் செய்து, கூழாங்கல்லையும் மணலையும் அலசி மீண்டும் நிரப்பும் வேலையை, குழி காய்ந்திருக்கும் இந்தப் பங்குனி, சித்திரையில் செய்வதே சரி. ஐப்பசியில் அடைமழை தொடங்கிய பிறகு ஆள் கிடைக்காது. உங்கள் பங்கிலும் இதைக் கேளுங்கள் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். ஆலயக் கூரை பெரியது. ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் சென்னை மழைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் இறங்கும். அதைத் தெருவில் விட்டுவிட்டு, மறையுரையில் மட்டும் மக்களிடம் தண்ணீரைச் சேமிக்கச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே தவக்காலத்தில் செய்துவிட முடியாது. முதல் வாரத்தில் கசிவைக் கண்டுபிடியுங்கள், இரண்டாவது வாரத்தில் வாஷர்களை மாற்றுங்கள், பிறகு பிள்ளைகளையே நாளுக்கு எத்தனை முறை மோட்டார் போடப்படுகிறது என்று நாள்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாத வீட்டில் அதுதான் மீட்டர். மிஞ்சும் பணத்தை, லாரிக்கும் மின்சாரத்துக்கும் போனதிலிருந்து மிஞ்சியதை, நோன்புக் காணிக்கையில் சேர்த்துவிடுங்கள். பசித்தவரோடு உணவைப் பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்று இறைவாக்கினர் எசாயாவின் நூல் 58-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதைத் தவக்காலத் தொடக்கத்திலேயே ஆலயத்தில் வாசிக்கிறோம்.

பெரிய வியாழனன்று மாலை, ஆலயத்துக்குப் புறப்படும் முன், எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வீட்டிலுள்ள எல்லோரும் திண்ணையில் உட்காருவோம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் உட்காருவார். வயதில் மூத்தவர் என்பதால் நான் செம்பை எடுத்துக்கொண்டு தரையில் அமர்வேன். முதலில் அந்த அக்காவின் கால்கள், ஏனென்றால் அன்று காலை தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிவந்தவர் அவர். முதல் ஆண்டு அவர் பேதுருவைப் போலவே காலை இழுத்துக்கொண்டார். இப்போது இழுப்பதில்லை. ஆளுக்கு அரைச் செம்பு வார்ப்பேன், பேத்தி துண்டால் துடைப்பாள். ஆறு பேருக்கு மூன்று லிட்டருக்கு மேல் ஆனதில்லை, அளந்து பார்த்திருக்கிறேன். தாம்பாளத்துத் தண்ணீரை அவள் கறிவேப்பிலைச் செடிக்குக் கொண்டுபோய், வழியில் சிந்தாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு, தூரில் ஊற்றிவிட்டு வருவாள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவோம்.